விரலால் வாசித்தவள்

என் மண்டையை உடைத்தவன் ஒரு வாத்தியார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவன். என் புருஷன். கட்டின புருஷனை ‘அவன்’ என்று எழுதலாமா என்று கேட்கிறவர்கள் வந்து என் பின்மண்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பேசட்டும். இன்றைக்கும் அங்கே ஒரு குழி இருக்கிறது. ஒரு நெல்லிக்காயை உட்கார வைக்கலாம்.

நாகர்கோவிலுக்கு மேற்கே, ஒரு குளத்தங்கரை ஊரில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. ஓலை வேய்ந்த நீளமான கட்டடம். ஞாயிற்றுக்கிழமை அதுதான் எங்கள் கோயில், மற்ற நாட்களில் பள்ளிக்கூடம். பெரிய வகுப்புப் பிள்ளைகள் அவனிடம். மணலில் எழுதிப் படிக்கிற குஞ்சுகுளுவான்கள் என்னிடம். வாத்தியாரை வைப்பதும் நீக்குவதும் சபை மூப்பர் கையில் இருந்தது. மூப்பர் என்றால் எங்கள் சபையின் தலைவர். கல்யாணம், கருமாதி, சண்டை சச்சரவு எதுவானாலும் அவர் தோளில் கிடக்கும் துண்டை ஒரு தடவை உதறிப் போட்டால் ஊர் வாயை மூடிக்கொள்ளும்.

எனக்குத் தாய் தகப்பன் இல்லை. மிஷன் போர்டிங்கில் வளர்ந்தவள். போர்டிங்கிலேயே வாத்தியார் வேலைக்குப் படிக்க வைத்தார்கள், அங்கேயே மாப்பிள்ளை பார்த்துக் கட்டியும் வைத்தார்கள். கோபித்துக்கொண்டு போவதற்குப் பிறந்த வீடு இல்லாத பெண் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் அடித்தான். குழம்பில் உப்பு கூடினால் ஒரு அடி, குறைந்தால் ஒரு அடி. ஒரு தடவை மரச்சீனிக் கிழங்கு வேகவில்லை என்று சட்டியோடு தூக்கி என் மேல் எறிந்தான். வெந்நீர் பட்ட தோள் உரிந்து கிடந்தபோது, அதே தோளில் சேலையைப் போர்த்திக்கொண்டு போய்ப் பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்தேன். அடிக்காத புருஷன் எங்கள் ஊரில் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. அதனால் இதை யாரும் ஒரு விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும்தான்.

ஞாயிறு ஆராதனையில் வேதப்பாடம் வாசிப்பது அவன் வேலை. அதில் அவனுக்கு ரொம்பப் பெருமை. வெள்ளைச் சட்டை போட்டு, எண்ணெய் தேய்த்துத் தலையை வழித்துச் சீவி, தொண்டையைச் செருமிக்கொண்டு நிற்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசிக்கும்போது ஒரு வரியை விட்டுவிட்டான். நான் பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்தேன். நாளெல்லாம் பிள்ளைகளைத் திருத்தித் திருத்திப் பழகிய வாய். அது என்னைக் கேட்டுவிட்டா பேசும்? “ஒரு வரி விட்டுப்போச்சு. மேல இருந்து வாசிங்க” என்று வகுப்பில் சொல்கிற மாதிரியே கணீரென்று சொல்லிவிட்டேன். பெண்கள் பக்கம் கொல்லென்று சிரிப்பு. ஆண்கள் பக்கத்திலும் சிரித்தார்கள். மூப்பர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அவன் மேலேயிருந்து திரும்ப வாசித்தான். வரி விட்டது விட்டதுதானே, சொன்னதில் என்ன தப்பு? இன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்தாலும் சொல்வேன்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். நான் அடுக்களையில் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். “எனக்கே பாடம் சொல்லித்தாறியாட்டி நீ?” என்று கேட்டது காதில் விழுந்தது. திரும்புவதற்குள் உலக்கை இறங்கிவிட்டது. டொக்கென்று ஒரு சத்தம். தேங்காய்தான் உடைந்தது என்று நினைத்தேன், அப்படித்தான் இருந்தது அந்தச் சத்தம். இரண்டாவது அடி தோளில் விழுந்து காறை எலும்பு முறிந்தது. துருவிய தேங்காய்ப்பூ சிவப்பாகிக்கொண்டே போவதைப் பார்த்தேன். இதைக் கறிக்குப் போட முடியாதே என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது.

மாட்டுவண்டியில் வைக்கோலைப் பரப்பி என்னைப் போட்டு, தூரத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழுக்கி உரலில் விழுந்துவிட்டாள் என்று அவன் சொன்னான். கூட வந்தவர்களும் அதையே சொன்னார்கள். உலக்கையைக் கழுவி மூலையில் சாத்தி வைத்தவளும் எங்கள் ஊர்க்காரிதான். போலீசு, கேசு என்று போனால் சபைக்குக் கேவலம் என்று மூப்பர் சொல்லிவிட்டாராம். நான் செத்திருந்தால் அதுவும் உரலின் தலையில்தான் விழுந்திருக்கும்.

நினைவு வந்தபோது உலகத்தில் வலதுபக்கம் என்று ஒன்று இல்லை. இருட்டு என்றுகூடச் சொல்ல முடியாது, இல்லவே இல்லை. கஞ்சிக் கிண்ணத்தில் இடது பாதியைக் குடித்துவிட்டு, இவ்வளவுதானா என்று கேட்பேன். நடந்தால் வலது தோள் நிலைப்படியில் இடிக்கும், முறிந்த எலும்பு உயிரை எடுக்கும். இதெல்லாம் பெரிதில்லை. கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் பெரிய எழுத்தில் என்னவோ எழுதி மாட்டியிருந்தார்கள். தமிழ் என்று தெரிகிறது. என்ன எழுத்து என்று தெரியவில்லை. மணலில் எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி இருக்கிறது. கண்ணைக் கசக்கினேன், மூடித் திறந்தேன், தலையைச் சாய்த்துப் பார்த்தேன். ஒரு எழுத்துக்கூட எனக்குப் பிடிபடவில்லை. நான் போட்ட கூச்சலில் பக்கத்துக் கட்டில்காரி எழுந்து ஓடினாள்.

வெள்ளைக்கார டாக்டர் வந்தார். காகிதமும் பென்சிலும் கொடுத்து, என் பெயரை எழுதச் சொன்னார். கட்டுப் போட்ட தோளோடு எழுதினேன். கை தடுமாறாமல் ஓடியது. ஊர்ப் பெயரை எழுதச் சொன்னார், எழுதினேன். அந்தக் காகிதத்தை வாங்கிச் சற்று நேரம் கழித்து என் முன்னால் நீட்டி, வாசி என்றார். எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. நானே எழுதியது! அவர் கூவி அழைக்க, இன்னொரு டாக்டரும் நர்ஸ்களும் வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். எழுது, எழுதினேன். வாசி, முடியவில்லை. திரும்ப எழுது. கரடி வித்தை பார்க்கிற மாதிரி நின்றார்கள். நான் பென்சிலை ஒடித்து டாக்டரின் மூஞ்சியில் எறிந்தேன். மனுஷன் நல்லவர், கோபிக்காமல் குனிந்து இரண்டு துண்டையும் பொறுக்கிக்கொண்டார்.

அவர் இங்கிலீஷில் சொன்னதை எனக்குப் புரிகிற மாதிரி சொன்னவள் ஒரு நர்ஸ். கடற்கரை ஊர்க்காரி, கத்தோலிக்கக் குடும்பம், தகப்பனுக்கு மீன்பிடி. என் வயதுதான் இருக்கும். கடல் காற்றுக்கு மேலே கத்திக் கத்தி வளர்ந்த குரல் அவளுக்கு, வார்டின் இந்தக் கோடியில் பேசினால் அந்தக் கோடியில் குழந்தை அழும். “குளத்துல தண்ணி கெடக்கு டீச்சர், வயலும் சொகமா இருக்கு. நடுவுல உள்ள வாய்க்காதான் இடிஞ்சுபோச்சு. கண்ணு பாக்குதது உள்ள போய்ச் சேரல்ல. அவ்வளவுதான்” என்றாள்.

“அப்போ வாய்க்காலை வெட்டுங்க.”

“வேற பக்கமா வெட்டணுமாம். எந்தப் பக்கமுன்னு அவருக்கே தெரியல்ல. நாமதான் பாக்கணும்.”

மூப்பர் ஒருநாள் வாழைக்குலையோடு என்னைப் பார்க்க வந்தார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டு, உரலைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் மழையைப் பற்றிப் பேசினார். எழுந்திருக்கும்போது விஷயத்துக்கு வந்தார். “மக்களே, பள்ளிக்கூடம் தொறக்கதுக்கு முன்ன சபை கூடும். உனக்கு வாசிக்க வந்துட்டுன்னா வேல உனக்குத்தான், பள்ளிக்கூடத்தை ஒட்டுன முறியும் உனக்குத்தான். அதுல தனியா குடியிருந்துக்கோ, நான் கேக்கமாட்டேன். வரல்லன்னா வேற ஆளைத்தான் வைக்கணும். பெறகு நீ எங்க போவே? மாப்பிள வீட்டுக்குத்தான் போவணும். அவனும் இப்ப ரொம்ப மனசு உடஞ்சு போயிருக்கான்.”

அவனுக்கு மனசு உடைந்ததாம். எனக்கு மண்டை. வாழைக்குலையைத் தூக்கிக்கொண்டு போய்விடும்படி சொன்னேன். அவர் அதை வைத்துவிட்டுத்தான் போனார். அந்த வீட்டுக்குத் திரும்பிப் போனால் நான் பிழைக்க மாட்டேன் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவன் அடித்த அடி என்னைக் கொல்ல அடித்த அடி. பாதியில் நின்றுபோன வேலை. எனவே வாசிக்க வேண்டும். வாசித்தால் உயிர், இல்லாவிட்டால் உலக்கை. இதைவிட நேராக யாருக்கும் ஒரு பரீட்சை வைத்திருக்க முடியாது.

நர்ஸ் அட்டைகளில் எழுத்துக்களைப் பெரிதாக எழுதிக்கொண்டு வருவாள். வேலை ஒழிந்த நேரமெல்லாம் என் கட்டிலுக்கு வந்துவிடுவாள்.

“டீச்சர், இது என்ன?”

“தெரியல்ல.”

“நல்லா பாருங்க.”

“பாத்துட்டுத்தான் சொல்லுகேன், தெரியல்லன்னு.”

“நேத்தைக்கும் இதைத்தானே காட்டுனேன்?”

“நேத்தைக்கும் தெரியல்லட்டி! குருடிகிட்ட போய் வெளக்கு எரியுதான்னு கேப்பியா?”

இப்படியே நாட்கள் போயின. கோபம் என்றால் சாதாரணக் கோபமில்லை. கஞ்சிக் கிண்ணத்தைச் சுவரில் அடித்தேன். அட்டையைக் கடித்துக் கிழித்தேன். எந்தக் கை பிள்ளைகளுக்கு எழுத்தைக் காட்டியதோ அந்தக் கையைக் கட்டில் கம்பியில் அடித்து அடித்து வீங்க வைத்தேன். ஒருநாள் தலையைச் சுவரில் முட்டப் போனேன், நர்ஸ் பாய்ந்து என் கூந்தலைப் பிடித்து இழுத்துத் தரையில் உட்கார வைத்தாள். “சாவணும்னா அவன் வீட்டுல போய்ச் சாவு. இஞ்ச வச்சுச் சாவாத. எனக்கு வேல போவும்” என்றாள். அவள் முகமெல்லாம் கண்ணீர். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாதவள், திட்டத்தான் தெரியும். அதனால்தான் அவளைப் பிடித்தது.

திருப்பம் ஒரு சண்டையில்தான் வந்தது. ஒருநாள் அட்டைகளை மொத்தமாகப் பிடுங்கி வராந்தாவுக்கு வெளியே முற்றத்து மணலில் வீசினேன். “பெறக்கு” என்றாள். மாட்டேன் என்றேன். என் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று முற்றத்துக்கு இழுத்தாள். நான் அவள் கையைக் கடித்தேன். அவள் என்னை மணலில் தள்ளி, என் முதுகில் முழங்காலை ஊன்றி, வலதுகை ஆள்காட்டி விரலை எடுத்து மணலுக்குள் குத்தினாள்.

“எழுத்து தெரியாதா ஒனக்கு? எழுத்து தெரியாதாட்டி? எங்கப்பன் என்னய கடப்புறத்து மண்ணுல இப்படித்தான் தேச்சாரு. தோலு உரியதுவரைக்கும் தேச்சாரு. ஒனக்கும் தேய்க்கேன்!”

எதிரே கிடந்த அட்டை ஒன்றைப் பார்த்து அந்த எழுத்தின் மேலேயே என் விரலை மணலில் இழுத்தாள். அது ஆற்றுமணல், கூர் மணல். விரல் நுனி தீப்பிடித்த மாதிரி எரிந்தது. மேலே, வளைத்து, கீழே, குறுக்கே ஒரு இழுப்பு. என் வாய் என்னைக் கேட்காமல் சொன்னது: “கானா.”

அவள் கை நின்றுவிட்டது. முதுகிலிருந்து முழங்காலை எடுத்தாள். அட்டையைப் பார்த்தேன், அதே எறும்புத் தடம்தான். ஆனால் விரலுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் பக்கத்தில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தானே படித்தோம்? விரல் மணலில் ஓடும், வாய் எழுத்தின் பெயரைச் சொல்லும். இரண்டும் சேர்ந்தேதான் உள்ளே போயின. நானே எத்தனை பிஞ்சு விரல்களைப் பிடித்து மணலில் தேய்த்திருக்கிறேன். இத்தனை நாளும் கண்ணையே போட்டு அடித்துக்கொண்டிருந்தேனே!

“இன்னொண்ணு” என்றேன். அவள் இன்னொரு அட்டையைப் பார்த்து விரலை இழுத்தாள். “பானா.” இன்னொன்று. “மானா.” அவள் ஐயோ ஐயோ என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். நான் என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சொன்னால் பிரம்பெடுக்கிற கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லிச் சிரித்தேன். விரலிலிருந்து ரத்தம் மணலில் சொட்டியது, அவள் கையில் என் பல் பதிந்த இடத்திலும் ரத்தம். டாக்டர் ஓடிவந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அன்றிலிருந்து அதுதான் வைத்தியம். டாக்டரும் அதையே செய்யச் சொன்னார். முதலில் மணலில் நர்ஸ் என் விரலை இழுப்பாள். பிறகு எழுத்தைப் பார்த்து நானே இழுப்பேன். பிறகு அச்சடித்த காகிதத்தின் மேல், எழுத்து ஒவ்வொன்றாக விரலால் வரைந்து வரைந்து போவேன். ஒரு எழுத்தைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டு அடுத்ததைப் பிடிக்கப் போவதற்குள் முதல் எழுத்து ஓடிவிடும். சொல் முடிகிற இடம் வலதுபக்கம் அல்லவா, அந்தப் பக்கம்தான் எனக்கு இல்லையே. வந்தது யார், போனது யார் என்று தெரியாமல் பாதிச் சொல்லில் நிற்பேன். அதனால் இடதுகை விரலை வரியின் கடைசியில் வேலி மாதிரி நட்டுவைத்து, அது வரைக்கும் வலதுகை விரலை நடத்திக்கொண்டு போகக் கற்றுக்கொண்டேன். விரல் தோல் உரிந்து, காய்ந்து, திரும்ப உரிந்தது. நர்ஸ் துணி சுற்றுவாள், நான் அவிழ்த்து எறிவேன். துணி சுற்றினால் விரலுக்குக் கண் தெரியாது.

இந்தச் செய்தி எப்படியோ ஊருக்குப் போய்விட்டது. அவன் வந்தான். வார்டில் எல்லோரும் பார்க்க என் காலடியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். பக்கத்துக் கட்டில்காரி, தங்கமான மனுஷன் என்று மூக்கைச் சிந்தினாள். அவள் வெளியே போனதும் அழுகை குழாயை மூடின மாதிரி நின்றது.

“வெரலால வாசிக்கியாமே?” என்றான். என் வலதுகையை அன்பாக எடுப்பது போல எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். ஆள்காட்டி விரலைப் பிடித்து மெல்லப் பின்னால் வளைத்தான். “எந்த வெரலு? இதா? இது இல்லன்னா எதால வாசிப்பே?” இன்னும் வளைத்தான். மூட்டில் நரம்பு தெறிப்பது எனக்குக் கேட்டது. “வீட்டுக்கு வாட்டி. மிச்சத்தை அங்க வச்சுப் பேசிக்கிடுவோம்.”

நான் அலறினேன். நர்ஸ் கையில் இருந்ததோ ஒரு பெட்பேன். காலி என்று சொல்ல முடியாது. அதைக் கொண்டே அவன் தலையில் ஒரு போடு போட்டாள். இரும்புப் பாத்திரம் மணி அடித்த மாதிரி சத்தம் போட்டது. சட்டையெல்லாம் நனைந்து நாறிக்கொண்டு அவன் வாசலைப் பார்த்து ஓடினான். எனக்கு விரல் வலியில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, ஆனாலும் அன்றைக்குச் சிரித்த மாதிரி நான் கல்யாணமான பிறகு சிரித்ததே கிடையாது. விரல் வீங்கிக் கறுத்தது, ஒடியவில்லை. ஊருக்குப் புறப்பட்ட அன்று நர்ஸ் அந்த விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இதை ஒருத்தன் கையிலயும் குடுத்துராத” என்றாள்.

பள்ளிக்கூடக் கட்டடத்தில் சபை கூடியது. பெஞ்சில் ஆண்கள், பாயில் பெண்கள். மூப்பர் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவன் சலவைச் சட்டையில் முன் பெஞ்சில் இருந்தான். நான் எல்லோருக்கும் முன்னால் ஒரு முக்காலியில். ஊர்க்காரர்கள் என் தலையைத்தான் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் சிரைத்த இடத்தில் முடி அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது.

“எம் பொண்டாட்டியை நான் பாத்துக்கிடுவேன் மூப்பரே” என்று அவன் எழுந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். “அவளுக்கு இனி பள்ளிக்கூடம் எல்லாம் முடியாது. பாவம், ஒண்ணும் தெரியல்ல அவளுக்கு. நான் கஞ்சி ஊத்துவேன்.”

“நான் வாசிப்பேன்” என்றேன்.

மூப்பர் ஞாயிறு பாடம் வாசிக்கிற புத்தகத்தை எடுத்து நீட்டினார். அவன் கையை நீட்டித் தடுத்தான். “அது வேண்டாம். போர்டிங்குல வளந்தவ, அதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். கண்ணை மூடிட்டே சொல்லுவா. சிலேட்டுல நான் ஒரு வரி எழுதுகேன். அதை வாசிக்கட்டும். வாசிச்சா நான் எழும்பிப் போயிருவேன்.” அதுவும் சரிதானே என்று பெஞ்சுகளில் பேச்சு எழுந்தது. மூப்பர் தலையை ஆட்டினார்.

அவன் சிலேட்டை நெஞ்சோடு சாய்த்து வைத்து, மற்றவர்களுக்குத் தெரியாமல் எழுதினான். நிதானமாக, வரியை நேராக்கி எழுதினான். கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே நின்றுகொண்டான். நான் இடதுகை விரலை வரியின் கடைசியில் ஊன்றி, வலதுகை விரலை முதல் எழுத்தில் வைத்து இழுத்தேன். “இ.” அடுத்தது, “வ.” அடுத்தது, “ளை. இவளை.” தலையை நிமிர்த்தினேன். அப்போதுதான் பார்த்தேன், விரல் போன இடத்தில் எழுத்து இல்லை. என் விரல் வியர்த்திருந்தது. சிலேட்டுக்குச்சியில் எழுதிய அந்தச் சொல் ஈரத்தோடு அழிந்து வெறும் சாம்பல் தடமாகக் கிடந்தது. அவனைப் பார்த்தேன். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். ஏன் புத்தகம் வேண்டாம், ஏன் சிலேட்டு என்று அந்த நிமிஷம் புரிந்தது. விரலை வைக்காவிட்டால் எனக்கு வாசிக்க வராது. வைத்தால் எழுதினது என்ன என்பதற்கு எழுத்தே மிஞ்சாது. நான் என்ன வாசித்தாலும் அது இல்லை என்று சொல்லிவிடலாம். எனவே அவன் தன் மனசுக்குப் பிடித்ததை எழுதியிருந்தான்.

சிலேட்டைத் தொடையோடு அழுத்திக்கொண்டேன். விட்டால் முடிந்தது கதை. விரலை ஊன்றி இழுத்தேன். “அ... ன்... றை... க்... கே. அன்றைக்கே.” அதுவும் அழிந்தது. “இவளை அன்றைக்கே” என்று உரக்கச் சொன்னேன். பாயில் யாரோ ஒருத்தி ஐயோ என்றாள்.

“பொய்!” என்று கத்தினான் அவன். “நான் அப்படி எழுதவே இல்ல! தலையில அடிபட்டவ, வாய்க்கு வந்ததை உளறுகா. பாருங்க, சிலேட்டுல ஒண்ணுமே இல்ல!” சிலேட்டைப் பிடுங்கக் கையை நீட்டினான். நான் முக்காலியோடு திரும்பி முதுகைக் காட்டினேன். முறியாமல் மிச்சமிருந்த தோளில் அவன் குத்தினான். எல்லோர் முன்னாலும் குத்தினான். அவனைப் பிடியுங்கடா என்று மூப்பர் சத்தம் போட, இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

சிலேட்டில் ஒரே ஒரு சொல் மிச்சமிருந்தது. அதுவாவது அழியாமல் இருக்கட்டும் என்று விரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்தேன். நகம் உள்ளங்கையில் ஏறுகிற அளவுக்கு இறுக்கினேன். கண்ணால் மட்டும் அதைப் பார்த்தேன். கொக்கி மாதிரி ஒரு தொடக்கம், நடுவில் ஒரு கூட்டம், கடைசி எனக்குத் தெரியாத பக்கத்தில். தலையைத் திருப்பிக் கடைசியையும் பார்த்தேன். “கொன்றிருக்கணும்” என்றேன். கண்ணால் வாசித்தேனா, அவன் வாயிலிருந்து எத்தனையோ தடவை கேட்டு ஊறிப்போன சொல் என்பதால் என் வாய் தானாகச் சொன்னதா, இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

சிலேட்டை மூப்பரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். அவன் கையெழுத்து ஊர் முழுக்கத் தெரிந்த கையெழுத்து, பிள்ளைகளெல்லாம் பார்த்து எழுதுகிற கையெழுத்து. அந்தச் சொல் முழுசாக அங்கே இருந்தது. மூப்பர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு தோளிலிருந்து துண்டை எடுத்துச் சிலேட்டை அழுத்தித் துடைத்தார்.

“போதும். இவளுக்கு வாசிக்க வருது. வேல இவளுக்குத்தான், முறியும் இவளுக்குத்தான். எல்லாரும் எழும்பிப் போங்க” என்றார்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. அந்த வீட்டுக்கு இனி போக வேண்டாம். உயிர் திரும்பி வந்துவிட்டது. அழுதுகொண்டே கும்பிட்டிருக்க வேண்டும் நான், மற்றவர்கள் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். எனக்கு வந்தது கோபம்.

“அதை என்னத்துக்கு மூப்பரே அழிச்சிய?”

“கோயிலுக்குள்ள இருக்கப்பிடாத வார்த்தை மக்களே. அவனும் நம்ம பயதான். மானம் போவும்லா?”

“மானமா? எனக்கு மண்டை போச்சே! அப்போ எல்லாருமாச் சேர்ந்து அதை உரலு தலையில போட்டியளே!”

சாக்பீஸை எடுத்துக்கொண்டு கரும்பலகைக்குப் போனேன். வாசிக்கத்தான் எனக்குத் தடுமாற்றம், எழுத என்றைக்குமே தடுமாற்றம் இருந்ததில்லை. பலகையின் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரைக்கும், கடைசிப் பாய்க்காரிக்கும் தெரிகிற மாதிரி, அவன் வரியை முழுசாக எழுதினேன். எழுதி முடித்துத் தள்ளி நின்று பார்த்தால் எனக்கு அது வெறும் வெள்ளைக் கோடுகள். அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு ஞாயிறு மதியங்களில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் நான். கிழங்கு நடுகிறவர்கள், கயிறு திரிக்கிறவர்கள், பதநீர் காய்ச்சுகிறவர்கள்.

“நான் எழுதுனதை என்னால வாசிக்க ஏலாது. உங்களால ஏலும். வாசிங்க” என்றேன்.

தலைகளெல்லாம் மூப்பர் பக்கம் திரும்பின. பிறகு பதநீர் காய்ச்சுகிறவள் ஒருத்தி எழுந்து, வகுப்பில் செய்கிற மாதிரியே கையைக் கட்டிக்கொண்டு நின்று, எழுத்துக் கூட்ட ஆரம்பித்தாள். “இ... வ... ளை... இவளை.” அடுத்தவள் சேர்ந்துகொண்டாள். அதற்கடுத்தவள். வாசிக்கத் தெரியாதவர்களும் அவர்கள் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னார்கள். ஆண்கள் காலுக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனைப் பிடித்திருந்தவர்கள் கையை விட்டுவிட்டார்கள். அவன் வாசலைப் பார்த்து நடந்தான். மூப்பர் துண்டை உதறி, நிறுத்துங்க என்றார்.

“நிறுத்தாதீங்க” என்றேன். கடைசி எழுத்து வரைக்கும் வாசிக்க வைத்தேன்.